அவர்கள் 'சரி' என்றதும் கிளம்பிவிட்டோம்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் உள்ள ஆதிக்குடி ஊரான அலி குருங்குக்கு முதல் தடவை போனபோது வேலை ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. டார்வினில் நான் வரைவாளராக இருந்த நிறுவனம் புதிய வீட்டு மனைகளுக்கு ஒரு லேஅவுட் போட்டிருந்தது. அதைப் பெரிய தாளில் அச்சடித்துப் போய், ஊர்க்கூடத்துச் சுவரில் ஒட்டினோம். வாசலில் சாசேஜ் வாட்டினோம். வந்தவர்களிடம் ரோடு இந்தப் பக்கம் போகலாமா என்றோம், சரி என்றார்கள். மனைகள் இங்கே வரட்டுமா? அதற்கும் சரி. படிவத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

தாசில்தார் ஜீப் வந்து நின்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சரிங்க, சரிங்க' என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் 'சரி'யை எனக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஆதிக்குடி மக்கள் அதிகாரிகளிடம் மரியாதைக்கோ, பேச்சை முடித்துக்கொள்ளவோ ஆமாம் போடுவது நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். 1976-லேயே அனுங்கா வழக்கில் நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றம், போலீஸ் அவர்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு அப்படி எதுவும் வகுக்கவில்லை.

சில வாரம் கழித்துத் தகவல் வந்தது: நாங்கள் கேட்டது கேட்க வேண்டியவர்களிடம் இல்லை.

ஊரின் கதை தெரிந்தால்தான் இது புரியும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே கிட்டத்தட்ட 380 கிலோமீட்டரில் இருக்கிறது அலி குருங். வடக்கே ஃபிலிப் க்ரீக் குடியிருப்பில் தண்ணீர் போதவில்லை என்று 1956-ல் அரசு அங்கிருந்த வாருமுங்கு, வார்ல்பிரி மக்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. இரண்டு பெயர்களையும் ஒட்டி 'வாரப்ரி' என்று அப்போது பெயர் வைத்தது. ஆனால் இறக்கிய மண் கைட்டிஜ் மக்களுடையது. அதனால் மூன்று தலைமுறையாக இங்கேயே வாழ்கிறவர்கூட மண்ணைப் பற்றி முடிவு சொல்லத் தயங்குவார். அன்று கூடத்தில் 'சரி' சொன்னவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள். 1976 நில உரிமைச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: மரபுவழி உரிமையாளர்கள் ஒரு குழுவாக விஷயத்தைப் புரிந்துகொண்டு சம்மதிக்காமல், அவர்கள் சார்பில் செயல்படும் நிலக் கவுன்சில் குத்தகைக்கு வழிவிட முடியாது.

சரி, மறுபடி போனோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வண்டியில் ஐந்து மணி நேரம். போனால் ஊரில் ஒரு சாவு. எல்லாம் நின்றுவிட்டது. அது போதாதென்று, நாங்கள் கொண்டுபோன கூட்டக் குறிப்பில் இறந்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. துக்கக் காலத்தில் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது. அதே பெயர் உள்ள உயிரோடிருப்பவரைக்கூட 'குமஞ்சாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் சத்தமில்லாமல் தாள்களைச் சேகரித்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கே திரும்பிவிட்டோம்.

மூன்றாவது தடவை வரைபடத்தைச் சுவரில் ஒட்டவில்லை. மரநிழலில் விரித்தோம். ஒரு கைட்டிஜ் பாட்டி பார்த்தார், எழுந்து தாளைப் பிடித்துக் கால்வட்டம் திருப்பினார். எனக்குக் கோபம்கூட வந்தது, தலைப்பு சாய்ந்துவிட்டதே என்று. அப்புறம்தான் கவனித்தேன்: தாளின் கிழக்கு இப்போது நிஜக் கிழக்கைப் பார்த்தது. எங்கள் வீட்டில் அம்மாவும் 'அந்தப் பானையை வடக்கால தள்ளி வை' என்பார். இதை ஏன் டார்வினிலேயே யோசிக்கவில்லை?

தாள் திரும்பியதும் பேச்சு வந்தது. எங்கள் ரோட்டை மணலில் விரலால் கீறி, ஒரு இடத்தில் அழித்தார்கள். அந்த இடத்தைப் பற்றி நான் எழுதக் கூடாது. ஊர்ப்பெயரே நாயின் தொல்கதையைச் சொல்வது என்பது ஊரறிந்தது, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த மாதிரிப் புனித இடங்களுக்கு 1989 சட்டப்படி ஓர் ஆணையத்திடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் புல்டோசர் இறக்க யாருக்கும் தைரியம் வராது. நாங்கள் அதைக் கடைசி வேலையாக வைத்திருந்தோம். முதலில் செய்திருக்க வேண்டியது.

மனைகளும் கலைந்தன. வார்ல்பிரி, வாருமுங்கு குடும்பங்கள் ஊரின் மேற்கே, கைட்டிஜ், அல்யவார் குடும்பங்கள் கிழக்கே என்ற பழைய ஒழுங்கை எங்கள் வரிசை எண்கள் கலைத்திருந்தன. மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாத முறை அங்கே உண்டு. நம் ஊரில் மருமகன் எழுந்து நிற்பதோடு சரி. அங்கே எதிரெதிர் வாசலே தப்பு. விதவைகளும் தனியாக இருக்கும் பெண்களும் சேர்ந்து தங்கும் 'ஜிலிமி'க்கு எங்கள் லேஅவுட்டில் ஒரு சதுர அடிகூட இல்லை. பெரிய தாழ்வாரமும் வெளியடுப்பும் கேட்டார்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை: டெரிட்டரியின் 28 ஊர்களில் நடந்த ஆய்வில், காசு கட்டி ஏற்றும் மீட்டர் வைத்த வீடுகளில் 91 சதவீதம் 2018-19-ல் ஒருமுறையாவது மின்சாரம் இழந்திருந்தன. கரண்ட் போனால் உள்ளே சமைக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது.

புதிய லேஅவுட்டில் மனைகள் குறைந்தன. அதற்கு அலுவலகத்தில் முணுமுணுப்பு. கிழக்கை மேலே வைத்து வரைந்து கொடுத்தேன். வடக்கைக் காட்டும் அம்பு இடது பக்கம் படுத்திருக்கிறது. அதை நிமிர்த்திவிடு என்று மேலதிகாரி இரண்டு தடவை மெயில் போட்டுவிட்டார்.