கேட்கும் வயது: ஒரு தந்தையின் நாட்குறிப்பு

பிப்ரவரி 6, 2024

காது கேளாத என் மகளின் காதுக்குப் பின்னால் இருந்த அறுவைக் காயம் ஆறிவிட்டது. உள்காதில் பொருத்திய கேட்கும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட் நாளை மறுநாள் முதன்முறையாக இயக்கப்படுகிறது. தொலைபேசியில் அழைக்கும் உறவினர்கள் எல்லோரும், "இனிமேல் குழந்தைக்குக் கேட்டுவிடும் அல்லவா?" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒலி போய்ச் சேரும் என்பது வரைதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. உள்காதில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள் மயிரணுக்கள் செய்ய வேண்டிய வேலையை, சாதனத்தைப் பொறுத்து 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டிச் செய்யப்போகின்றன. அந்தத் துடிப்புகளில் எது குரல், எது கதவுச் சத்தம் என்பதை அவளுடைய மூளை இனிமேல்தான் பழக வேண்டும்.

பிப்ரவரி 8, 2024

செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட், ஒலியை வாங்கி மின்குறிப்பாக மாற்றும் வெளிக்கருவியான பிராசஸரைக் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு மின்முனையிலும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். மகள் கையிலிருந்த பொம்மையைக் கீழே விட்டாள்; சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இணையத்தில் பரவும் காணொளிகளில் குழந்தைகள் இந்த நொடியில் சிரிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அழுகையே போதுமான சான்றாக இருந்தது. முதல் நாள் அளவுகளை வேண்டுமென்றே குறைவாக வைத்து, அடுத்தடுத்த மேப்பிங்குகளில், அதாவது இந்த அளவுகளைச் சரிசெய்யும் சந்திப்புகளில், உயர்த்துவார்களாம்.

மார்ச் 19, 2024

பிராசஸரின் குறிப்புகளை உள்ளிருக்கும் சாதனத்துக்கு அனுப்ப, காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும் காயில் என்ற வட்டைப் பிடுங்கி எறிவதுதான் இப்போது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அது விழுந்த இடத்திலுள்ள எந்த இரும்பிலும் போய் ஒட்டிக்கொள்வதால், கட்டில் கால்களைத் தடவித் தேடுவது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது. நாடா வைத்த மெல்லிய தொப்பி ஓரளவு உதவுகிறது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் காயில் தலையில் இருந்தது என்பதைப் பிராசஸரே பதிவு செய்துகொள்கிறது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிய வேண்டும் என்ற அறிவுரையை நாம் எந்த அளவுக்குக் கடைப்பிடித்தோம் என்பதை அடுத்த சந்திப்பில் அது மறைக்காமல் சொல்லிவிடும்.

மே 2, 2024

காலையில் காயிலை மாட்டியதும் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிப்பதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்கிறோம்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ள 'ம்' முதல் உயர்ந்த அதிர்வெண்ணில் உள்ள 'ஸ்' வரை, பேச்சு பரவிக் கிடக்கும் பகுதி முழுவதையும் இவை தொட்டுவிடுகின்றன. நேற்று வரை 'ஸ்' கேட்டுத் திரும்பியவள் இன்று திரும்பாவிட்டால், குழந்தையைச் சந்தேகிப்பதற்கு முன் மின்கலத்தையும் மைக்ரோஃபோன் உறையையும் பார்க்க வேண்டும். உதட்டசைவு தெரியாதிருக்க, சொல்லும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழைய முறை எனக்கு உடன்பாடில்லை. அது ஒலியையும் மழுங்கடிக்கிறது. அவள் பக்கத்தில், சாதனம் இருக்கும் காதை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் உதட்டசைவு தானாகவே கண்ணில் படாது. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பதால், அறையின் மறுமூலையிலிருந்து கூப்பிடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 25, 2024

"செருப்பு எங்கே?" என்று என் மனைவி கேட்டாள், கை காட்டவில்லை, கண்ணாலும் காட்டவில்லை. மகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொல்லை முதலில் காதால் கேட்க வைத்து, பிறகு பொருளைக் காட்டி, மீண்டும் சொல்லை மட்டும் சொல்வது என்று கேட்டல் பயிற்சியாளர் சொன்ன வரிசையை மாதக்கணக்காகக் கடைப்பிடித்ததன் பலன் இது. பிறந்த கணக்கில் அவளுக்கு ஒன்றே முக்கால் வயது நெருங்குகிறது. கேட்கத் தொடங்கிய கணக்கில் ஆறு மாதம்தான். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வாக்கியம் பேசுவதைக் கேட்கும்போது இந்த இரண்டாவது கணக்கை எனக்கு நானே நினைவூட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் 17, 2024

குளிக்கும்போதும் உறங்கும்போதும் வெளிச்சாதனத்தைக் கழற்றிவிடுகிறோம். அப்போது அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. ஆகவே தண்ணீர், போதும், தூக்கம், அம்மா ஆகியவற்றுக்குச் சைகைகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். சைகை பழகினால் பேச்சு வராது என்று எச்சரித்தவர்கள் உண்டு. காதால் கேட்கும் பயிற்சி மற்ற நேரங்களில் குறையாதவரை, ஈரத் தலையோடு இருக்கும் குழந்தையிடம் பேச்சற்று நிற்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழு மொழி; அவள் வளர்ந்தபின் அதையும் கற்க விரும்பினால் நானும் உடன் கற்பேன்.

ஜனவரி 12, 2025

'தா', 'வா', 'போச்சு' ஆகிய மூன்றும் தெளிவாக வருகின்றன. பாட்டுக்குத் தாளம் தவறாமல் தட்டுகிறாள். ராகம் எந்த அளவுக்குப் புரிகிறது என்பது வேறு விஷயம், ஏனெனில் இந்தச் சாதனம் தாளத்தைக் கடத்துவதைப் போலச் சுருதியின் நுணுக்கத்தைக் கடத்துவதில்லை. இப்போது எங்கள் கவனமெல்லாம் சொல்லின் கடைசியில்தான். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லின் பிற்பகுதியில் அமர்கின்றன. பேசும்போது நம் குரல் தாழ்வதும் பெரும்பாலும் அங்கேதான். 'பெட்டிக்குள்', 'பெட்டிமேல்' என்று இறுதியைச் சற்று நீட்டிச் சொல்லி, பந்தை உள்ளேயும் மேலேயும் வைத்து விளையாடுகிறோம். அடுத்த மேப்பிங்கில் 'ஷ்', 'ஸ்' இரண்டையும் அவள் பிரித்தறியாததைச் சொல்லி, உயர் அதிர்வெண் மின்முனைகளின் அளவைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும்.