பூநாரை எழுதிய கொப்பி

எங்கள் விலங்கியல் சேர் காலமான செய்தி, நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அல்கொன்குயின் பூங்காவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் வந்தது. 1893இல் ஒதுக்கப்பட்ட, ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரிக்காடு அது. மறுநாட் காலை 60ஆம் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் மூஸ் என்னும் பெரிய மான் ஒன்று முழங்காலளவு நீரில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. மாரியில் பனியை உருக்கத் தெருவிற் கொட்டும் உப்பு அங்கே கரைந்து தேங்குவதால், குளிர்காலம் முழுவதும் சுள்ளி தின்று உப்புக்கு ஏங்கிய விலங்கு வைகாசியில் அதைத் தேடி வருகிறது. உப்பு என்றதும் எனக்குக் காது சுட்டது. ஏனென்று என் வகுப்பினருக்குச் சொல்லத் தேவையில்லை.

சேர் எங்களைப் பறவை பார்க்கக் கூட்டிச்சென்ற அன்று, மன்னாரின் கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் இடாப்பு வரிசைப்படி கைமாறிய அந்த ஒற்றைத் தொலைநோக்கியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது என்னிடம் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நீர்க்காகமும், தாமரையிலைகளுக்கிடையே இரண்டு மூன்று சிறு தாராக்களுமே மிஞ்சியிருந்தன. பக்கத்திலிருந்தவனின் கொப்பியில் இருபது பெயர்கள் கண்டு, நான் 'பூநாரை – 40' என்று சேர்த்தேன்.

திங்கட்கிழமை சேர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்துப் பூநாரையின் சொண்டை வரையச் சொன்னார். நான் கொக்கின் சொண்டை வரைந்தேன். "இதைக் கொண்டு அது எப்படியடா சேற்றை வடிக்கும்?" என்று கேட்டுவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து உவர்நீரை வடித்துண்ணும் வளைந்த சொண்டைத் தாமே அருகில் வரைந்தார். அருவியாற்று நீர் நிறைக்கும் நன்னீர்க் குளத்தில் நாற்பது பூநாரைக்கு என்ன வேலை, உவர்நீர் தேங்கும் வங்காலைத் தரவைக்கு நான் எப்போது போய்வந்தேன் என்றெல்லாம் வகுப்பறிய விசாரித்தார். "கண்டதை எழுது. காணாததற்கு வரியை வெறுமையாக விடு" என்றார். இரண்டு சொண்டுகளும் அந்த வாரம் முழுவதும் அழிக்கப்படாமலே இருந்தன. பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் இன்றும் நீங்கள் என்னைப் பூநாரை என்றே அழைக்கிறீர்கள், பழகிவிட்டது.

நான் 1986இல் நாட்டைவிட்டு வந்தேன், அவரிடம் சொல்லிக்கொள்ளாமல். இரண்டாண்டுகளின் பின், யாரிடமோ முகவரி பெற்று அவரே எழுதினார். நலம் விசாரித்தது ஒரு வரி. மிகுதியெல்லாம் லூன் என்ற பறவையைப் பற்றியது. கால்கள் உடலின் பின்முனையில் இருப்பதால் அது தரையில் நடக்கத் திண்டாடுமாமே, கண்டாயா என்று கேட்டிருந்தார். 1987இல் வெளிவந்த கனடிய ஒரு டொலர் நாணயக் குற்றியில் அந்தப் பறவை என் காற்சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. இரண்டு வேலைகளுக்கிடையில் ஏரிப்பக்கம் போக எனக்கு நேரமில்லை. காணாததை எழுதக்கூடாதென்று அவர்தானே சொன்னார் என எனக்கு நானே நியாயம் கூறிக்கொண்டு, பதில் எழுதாமல் விட்டேன். பின்னர் யுத்தத்தில் தபால் போக்குவரத்தும் குலைந்தது.

மூஸைக் கண்ட அன்று மாலை ஏரியில் லூன் வந்தது: கறுப்பு முதுகில் வெள்ளைக் கட்டங்கள், சிவந்த கண். அது ஓசையின்றி மூழ்கி, நான் பார்த்திராத திசையில் வெகு தூரத்தில் எழுந்து நீளமாகக் கூவியது. அக்கரை இருளிலிருந்து இன்னொரு குரல் பதில் கொடுத்தது. நெடுநேரம் காத்திருந்தும் பதில் கொடுத்த அந்தப் பறவை வெளியே வரவில்லை. கொப்பியில் 'லூன் – 1' என்று எழுதினேன்.