சனியும் வியாழனும்: கிளார்க், குப்ரிக் குறித்த நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 3

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் '2001' என்ற விண்வெளிப் பயண நாவலை இரவில் படிப்பதும், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் அதே பெயர்ப் படத்தில் அந்த இடத்தை மறுநாள் பார்ப்பதுமாக இந்த வாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். நாவலைப் படமாக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது, படத்தை நாவலாக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. 1964-இல் நியூயோர்க்கில் இருவரும் சந்தித்தபின், நிலவில் கண்டெடுக்கப்படும் ஒரு பிரமிட்டைப் பற்றிக் கிளார்க் 1948-இல் எழுதியிருந்த சிறுகதையை விதையாக எடுத்துக்கொண்டு, முதலில் நாவலை எழுதிவிடுவது, பிறகு அதிலிருந்து திரைக்கதையைப் பிரித்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த மே மாதத்தில் ஓரிரவு குப்ரிக்கின் மாடியிலிருந்து வானில் நகரும் ஓர் ஒளியைப் பார்த்து இருவரும் பரபரத்துப் போனார்கள். அது எக்கோ செயற்கைக்கோள் என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் ஒரே பக்கம் நின்று ஒன்றையே பார்த்த காலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 பெப்ரவரி 4

இன்று படித்தது குறைவு. அவர்களுடைய வரவு செலவைப் பற்றித்தான் யோசித்தேன். படம் நீண்டுகொண்டே போனது. நாவலை வெளியிடக் குப்ரிக் இசையவில்லை. இன்னும் திருத்த வேண்டும் என்றே சொல்லிவந்தார். கிளார்க்கோ 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். நண்பர் மைக் வில்சனின் சிங்களப் படங்களுக்குப் பணம் போட்டுக் கடனில் இருந்தவர். (திருகோணமலையில் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர் அதே வில்சன்தான்.) கடைசியில் படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் அதற்குப் பிறகே வந்தது. குப்ரிக்கின் பிடிவாதத்தைக் கலைஞனின் நுணுக்கம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. புத்தகம் முந்தியிருந்தால் படத்தின் புதிர்கள் எல்லாம் திரைக்கு வருமுன்பே அவிழ்ந்திருக்கும். அதை அவர் அறிந்திருக்க மாட்டாரா?

2025 பெப்ரவரி 6

படத்தின் இறுதியில் வரும் அந்த அறையை இன்று மூன்று முறை பார்த்தேன். பச்சை சாய்ந்த வெள்ளைச் சுவர்கள், கீழிருந்து ஒளிரும் தரை, பழைய பிரெஞ்சுப் பாணி நாற்காலிகள். கதையின் விண்வெளி வீரன் போமன் தன் முதுமையைத் தானே பார்க்கிறான். ஏன், எங்கே, யாரால் என்பதற்கு ஒரு சொல் கூடக் கிடையாது.

நாவலில் அதே அறை வேறுவிதமாக இருக்கிறது. போமன் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் பழக்கமான பெயர்களுடன் பொதிகள் இருக்கின்றன. எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரே நீல நிறப் பொருள்தான். தொலைக்காட்சியைப் போட்டவுடன் அவனுக்கு விளங்கிவிடுகிறது: பூமியிலிருந்து கசிந்து வந்த ஒளிபரப்புகளைப் பார்த்து, விருந்தினர் மனம் கலங்காதிருக்கட்டும் என்று யாரோ இந்த அறையைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த நீலப் பொருளை எழுதியவர் பெரிய எழுத்தாளர்தான். வேற்றுலக அறிவின் அன்பையும் அறியாமையையும் ஒரு பொதியைப் பிரிக்கும் செயலில் அவர் காட்டிவிடுகிறார். ஆனாலும் இன்றைய என் தீர்ப்பு குப்ரிக் பக்கமே சாய்கிறது. எழுத்தாளர் ஒவ்வொரு கேள்விக்கும் விடையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்ததால்தான் இயக்குநரால் அவ்வளவு துணிவாக விடைகளை நீக்க முடிந்தது. காரணமே இல்லாமல் கட்டிய அறை என்றால் அது இவ்வளவு உறுதியாக நின்றிருக்காது. கொடுத்தவருக்கு இது வலித்திருக்கும் என்பது வேறு விஷயம்.

2025 பெப்ரவரி 7

வலித்ததற்குச் சான்று உண்டு. கிளார்க்கின் கருத்தை ஒட்டிப் பின்னணிக் குரல் ஒன்று படத்தில் வருவதாக இருந்தது, அது நீக்கப்பட்டது. வெளியான பிறகு குப்ரிக் இன்னும் சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். நாவலின் முடிவில், போமன் உருமாறி ஆகும் விண்மீன் குழந்தை பூமியைச் சுற்றும் அணுகுண்டுகளை வெடிக்க வைக்கிறது. குண்டு வெடிப்புகளுடன் முடியும் படம் ஒன்றை ('டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்') 1964-இல்தான் வெளியிட்டிருந்த குப்ரிக்குக்கு அது வேண்டாததாகிவிட்டது. ஆனால் விண்கப்பலை இயக்கும் ஹால் கணினி அணையும்போது பாடும் 'டெய்சி' பாட்டு கிளார்க் தந்த கொடை. பெல் ஆய்வகத்தில் ஒரு கணினி அதைப் பாடக் கேட்டவர் அவர். ஒரு இயந்திரத்தின் சாவுக்காகப் பார்வையாளரை இரங்க வைத்த அந்தக் காட்சியில் இருவரின் கையும் இருக்கிறது.

2025 பெப்ரவரி 9

நாவலில் விண்கப்பல் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனுக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் உருவாக்க முடியாததால் குப்ரிக் பயணத்தை வியாழனோடு நிறுத்திக்கொண்டார். கிளார்க் தன் புத்தகத்தில் சனியை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் போட்டியில் எழுத்தாளர் தன் மண்ணைக் காத்துக்கொண்ட இடம் இது என்று நேற்று வரை எண்ணியிருந்தேன்.

இன்று '2010' நாவலின் முன்னுரையைப் படித்தேன். 1982-இல் வந்த அந்தத் தொடர்ச்சியில், நாவலும் படமும் முரண்படும் இடங்களில் படத்தையே பின்பற்றியதாகக் கிளார்க் வெளிப்படையாகச் சொல்கிறார். கதையும் வியாழனிலேயே நடக்கிறது. 1979-இல் வொயேஜர் விண்கலங்கள் அனுப்பிய வியாழனின் நிலவுகளின் படங்கள் அவரை ஈர்த்தது இன்னொரு காரணம். யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்ற எண்ணத்தை வைத்து அவர் அங்கே உயிர்களைப் படைக்கிறார். முதல் கதையில் ஹால் கப்பலில் இருந்தவர்களை ஏன் கொன்றது என்று விரிவாக விளக்குகிறார். குப்ரிக் மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். ஆக, இயக்குநரின் கிரகத்துக்கு இடம்பெயர்ந்து போய், அங்கே உட்கார்ந்துகொண்டு தன் பழக்கப்படி எல்லாவற்றுக்கும் விடை எழுதியிருக்கிறார். அந்த நாவலை 1984-இல் பீட்டர் ஹயம்ஸ் படமாக்கினார்; குப்ரிக் அதில் கை வைக்கவில்லை.