கூடப் பறந்தவர்களைத் தேடுங்கள்

சென்னையில் சில வீடுகளின் பரணில் இன்னும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன் அடியில் மடிப்புக் கிழிந்த ஒரு தந்தி. பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் உண்டு, தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் போன பாட்டியின் அண்ணனோ, தாத்தாவின் தம்பியோ காணாமல் போனார் என்ற செய்தி. அதோடு சரி. 80 வருஷம் ஆகிவிட்டதே, இனி என்ன கிடைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நிறையக் கிடைக்கும், தேடும் வழி சரியாக இருந்தால்.

பலரும் முதலில் அவருடைய பணிப் பதிவேட்டுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். பயிற்சி, பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி இரவுக்கு ஒரு வரிதான் இருக்கும். அவர் தனியாகப் பறக்கவில்லை. லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். பர்மாவுக்குப் பறந்த லிபரேட்டர் வகை விமானத்தில் இன்னும் அதிகம். அந்த விமானத்தின் எண்ணும் மற்றவர்களின் பெயர்களும் கைக்கு வந்தால்தான் கதவு திறக்கும்.

தொடங்க வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். நம் பெயர்கள் அங்கே படாதபாடு பட்டிருக்கும். இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக ஏற்றியிருக்கலாம். சாதிப் பெயர் மட்டும் நிற்கலாம். பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தும் வரவில்லை என்றால், பெயரை விட்டுவிட்டு விமானப்படை, இறந்த தேதி இரண்டை மட்டும் கொடுங்கள். கூடுதல் தகவல் பகுதியில் மெட்ராஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். பெற்றோர் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும்.

தேதியில் பலர் ஏமாறுகிறார்கள். இரவுத் தாக்குதலுக்கு 24-ஆம் தேதி கிளம்பிய விமானம் 25-ஆம் தேதி விடியுமுன் விழுந்திருக்கும். பதிவுகளில் இரண்டு தேதியும் வரும், அதனால் முந்தைய நாளையும் மறுநாளையும் சேர்த்தே பாருங்கள். குடும்பத்துக்கு வந்த இரண்டாவது கடிதத்தில், பல மாதம் கழித்து இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இருக்கும். அது காகிதத்தின் தேதி. விமானம் விழுந்த நாள் அதுவல்ல.

அடுத்து அவர் இருந்த ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் படைப்பிரிவின், செயல்பாட்டுப் பதிவேடு. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் இருக்கிறது. அதில் 540 எண் படிவம் நாளன்றாட நடப்பைச் சொல்லும். நமக்கு வேண்டியது 541. தேதி, விமான எண், ஒவ்வொருவரின் பெயர், பணி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்று கட்டங்கள். பத்திரமாகத் திரும்பிய விமானங்களுக்கு டி.சி.ஓ., அதாவது கடமை நிறைவேறியது என்று தட்டச்சு செய்திருப்பார்கள். நீங்கள் தேடும் வரியில் கிளம்பிய நேரம் இருக்கும், இறங்கிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். எத்தனை பக்கங்கள் புரட்டியவருக்கும் அந்தக் காலிக் கட்டத்தில் கண் நின்றுவிடும்.

விமானத்தின் எண்ணைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். உடம்பில் பெரிதாக எழுதியிருக்கும் ஸ்குவாட்ரன் எழுத்துகள் வேறு, அந்த ஒரு விமானத்துக்கே உரிய வரிசை எண் வேறு. நமக்கு வேண்டியது வரிசை எண். லண்டன் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டரின் எண் ஆர் 5868: ஓர் எழுத்து, நான்கு இலக்கம். பின்னால் வந்த விமானங்களில் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம். தட்டச்சில் ஓர் இலக்கம் புரண்டுவிடுவது சகஜம் என்பதால், விமானத்தின் 78 எண் நடமாட்ட அட்டையோடு ஒத்துப் பாருங்கள். பயிற்சியில் விழுந்ததாக இருந்தால் 1180 எண் விபத்து அட்டை. பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் மட்டும் 8,000 பேருக்கு மேல், ஆகவே இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்போது குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருக்கிறாரா என்று பாருங்கள். கலப்புக் குழுக்கள் நிறைய. ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ 705 என்ற வரிசை உயிரிழப்புக் கோப்புகள். ஏராளமானவை ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்பின் தலைப்பிலேயே விமானத்தின் வகையும் எண்ணும் இருப்பதால் அந்த எண்ணைப் போட்டே தேடலாம். ஒருவரின் கோப்பில் முழுக் குழுவின் பட்டியல், மற்ற வீட்டாருக்குப் போன கடிதங்கள், போருக்குப் பிறகு தேடிப்போனவர்களின் அறிக்கை எல்லாம் இருக்கும். கனடாக்காரர் இருந்தால் அந்நாட்டின் போரில் இறந்தோர் பணிக் கோப்புகள். பிரிட்டனின் சொந்த உயிரிழப்புக் கோப்புகள் ஏஐஆர் 81 வரிசையில் 1939-இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகத் திறக்கப்படுகின்றன. உங்கள் பெரிய தாத்தாவைப் பற்றிய உண்மை மெல்போர்ன் அம்மா ஒருவருக்குப் போன கடிதத்தில் இருக்கலாம்.

ஜப்பானியரிடம் பிடிபட்டாரோ என்ற சந்தேகம் இருந்தால் கைதிப் பதிவுகளைப் பாருங்கள். பர்மாவில் பிடிபட்ட விமானப்படையினர் பலர் ரங்கூன் சிறையில் வைக்கப்பட்டார்கள். அதே கியூ காப்பகத்தில் ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் டபிள்யூஓ 345 வரிசை, விடுதலையானவர்கள் நிரப்பிய கேள்வித்தாள்கள் டபிள்யூஓ 344. கூட இருந்தவர் யாராவது பெயரைக் குறிப்பிட்டிருக்கலாம்.

செங்குன்றம் ஏரியிலிருந்து கிளம்பிய 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா போன்ற கடல் விமானங்களுக்கு வழி சற்றுக் கடினம். கடலில் விழுந்தால் சிதைவு கிடைக்காது. கடைசி வானொலிச் செய்தி பதிவாகியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கல்லறை இருந்தால் ஆணையத்தின் பக்கத்தில் பழைய படிவங்களின் நகலும் இருக்கும். இறக்கிப் படியுங்கள். உடலை முதலில் எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒரு படிவம் சொல்லும். அதில் உள்ள எண் அட்சரேகை அல்ல, அக்கால வரைபடத்தின் கட்ட எண். கைப்பேசி வரைபடத்தில் போட்டால் வேறெங்கோ காட்டும். கூட்டுக் கல்லறை என்றிருந்தால், உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 850-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். தென்னிந்தியா, கிழக்கிந்தியாவின் பல கல்லறைகளிலிருந்து பிறகு கொண்டுவரப்பட்டவர்களும் அங்கே உண்டு. ஆகவே வேறு ஊரில் இறந்தவர் என்றாலும் அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

கல்லறையே இல்லாதவர்களின் பெயர் நினைவுச் சின்னங்களில் இருக்கும். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து போனவர்களுக்கு இங்கிலாந்தின் ரன்னிமீட். தெற்கு, கிழக்கு ஆசியாவில் போனவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சி. ஆணையத்தின் பக்கத்தில் பெயருக்கு எதிரே, அது பொறிக்கப்பட்டிருக்கும் பலகையின் அல்லது பெயர்ப் பத்தியின் (column) எண் கொடுத்திருப்பார்கள். சிங்கப்பூரில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அந்த எண்ணை அனுப்புங்கள். பெயர் முழுதும் தெரிகிற மாதிரி ஒரு படம், பத்தியின் எண் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் வேண்டும். பெட்டியில் இருக்கும் தந்தியை லேமினேட் செய்துவிடாதீர்கள்.