மேமியோ ஸ்ட்ராபெரி நாட்கள்

பிப்ரவரி 9, 2019

மியான்மரின் மலையூரான இந்த மேமியோவில் பனி காய்ந்த பிறகுதான் ஸ்ட்ராபெரி பறிப்பு. ஈரத்தோடு பறித்தால் மதியத்துக்குள் பழம் கொழகொழத்துவிடும். பெரிய பழமெல்லாம் நேரே சந்தைக்கு. சிறுத்தது, கோணியது, ஒரு பக்கம் வெள்ளையாக நின்றுவிட்டது எல்லாம் எங்கள் ஜாம் அண்டாவுக்கு. அந்த வெள்ளைப் பழத்தை அம்மா வேண்டுமென்றே சேர்ப்பார். ஜாமை இறுக்கும் பெக்டின் ஸ்ட்ராபெரியில் குறைவு, அரைப்பழத்தில் சற்றுக் கூடுதல். அதுவும் போதாதென்று எலுமிச்சை விதையையும் தோலையும் துணியில் முடிந்து கூடவே கொதிக்க விடுகிறோம்.

பிப்ரவரி 10

யாங்கோனிலிருந்து சித்தப்பா மகள் தெர்மாமீட்டர் அனுப்பியிருக்கிறாள். 105 டிகிரி வந்ததும் இறக்க வேண்டுமாம். கடல் மட்டத்தை ஒட்டிய யாங்கோனுக்கு அது சரி. மேமியோ 3,500 அடி உயரம், தண்ணீரே 96, 97-இல் கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் நாலைந்து டிகிரியில் ஜாம் பதம் வந்துவிடும். 105 வரை விட்டால் பாட்டிலிலிருந்து கரண்டியை உருவ முடியாது.

அம்மா தெர்மாமீட்டர் பக்கமே திரும்பவில்லை. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினார். மேலே ஏடு சுருங்கியது. “இறக்கு” என்றார். நான் எட்டிப் பார்த்தேன்: 101.

பிப்ரவரி 12

மியான்மரின் ஒன்றிய தின விடுமுறை. மாண்டலேக் கூட்டம் முழுக்க மலையேறி வந்துவிட்டது. பர்செல் மணிக்கூண்டுப் பக்கம் குதிரை வண்டிக்கும் காருக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. ஒரு பர்மிய அம்மாள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்து, “அந்தக் கடையில் இதைவிடச் சிவப்பாக இருக்கிறதே?” என்றார். இருக்காதா பின்னே, சாயம்! பழத்தின் சொந்தச் சிவப்பு காய்ச்சும்போதே மங்க ஆரம்பித்துவிடும், வெளிச்சத்தில் வைத்தால் போகப் போகப் பழுப்படிக்கும்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “ஒரு சொட்டு கலர் விட்டால் குடியா முழுகிவிடும்? விற்கணுமா வேண்டாமா?”

பிப்ரவரி 17

மேசையை நிழலுக்கு மாற்றி, ரொட்டித் துண்டில் தடவிக் கொடுத்தோம். தின்றவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. இனிப்பைத்தான் குறைக்கச் சொன்னார்கள். அது மட்டும் முடியாது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஃபிரிட்ஜை நம்பி ஜாம் விற்க முடியுமா? பூஞ்சை பிடிக்காமல் காப்பதே சர்க்கரைதான்.

சாயங்காலம் அத்தை கணக்குப் பார்த்தார். காலிப் பாட்டில் போதாதாம், நாளைக்கு மாமா வாங்கி வருகிறார். கலர் பேச்சு அடுத்த விடுமுறைக்கு மறுபடி வரும், அவரை எனக்குத் தெரியாதா!