தோல் நாற்காலி, இந்த முறை பார்த்து

முதல் சுழல் நாற்காலியை நிறம் பார்த்து வாங்கினேன். 2 வருடத்தில் செதில் செதிலாக உரிந்தது. தோல் துகளை ஒட்டி மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த பாண்டட் லெதர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்த முறை ஃபுல் கிரெயின் என்ற முழுத் தோல்தான். அதன் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதில்லை. மாட்டின் பழைய கீறல்கூடத் தெரியும். எனக்கு அதுதான் அழகு. விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறைகிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின், 1956-இல் வெளிவந்த சாய்வு நாற்காலியைப் படத்தில் பார்த்ததிலிருந்தே ஆசை. ஆனால் மேசையில் எழுத நிமிர்ந்த முதுகு வேண்டும். பாதம் தரையில் பதிகிறதா, அடியில் ஐந்து கால் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சரி, அடர் பழுப்பில் ஒன்று வந்துவிட்டது. வெயில் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும். ஜன்னலிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறேன்.