தேபேத் பத்தாம் நாளில் எருசலேம் மதில் முன்

எருசலேம் தேவாலயம் இடிந்த நாளில் யூதர்கள் உபவாசம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். நகரம் முற்றுகையிடப்பட்ட நாளுக்கும் தனியே ஓர் உபவாசம் உண்டு. அதுதான் யூத நாட்காட்டியின் பத்தாம் மாதமான தேபேத்தின் 10-ஆம் நாள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நாங்கள் புனித பூமிப் பயணம் போனபோது அந்த நாள் அங்கே அமைந்ததைக் கர்த்தருடைய கிருபை என்றே சொல்வேன்.

யூதாவின் ராஜாவான சிதேக்கியாவின் 9-ஆம் வருஷம், பத்தாம் மாதம், பத்தாம் தேதி பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் சேனையோடு வந்து நகரத்தைச் சுற்றிப் பாளயமிறங்கினான். கி.மு. 588 வாக்கில் நடந்தது. அன்று ஆலயம் அப்படியே நின்றது. ஆனால் வழிகள் அடைபட்டுவிட்டன. பிறகு பஞ்சம் வந்தது, 11-ஆம் வருஷம் மதிலும் உடைந்தது. எசேக்கியேல் தீர்க்கதரிசி அப்போது தூரத்தில், பாபிலோன் தேசத்தில் சிறையிருப்பில் இருந்தார். இந்தத் தேதியை இன்றைக்கே எழுதிவை என்று கர்த்தர் அவரிடம் சொன்னார். அழிவு முடிந்த பிறகு அழுவது எல்லோராலும் முடியும். அது தொடங்கிய நாளையே மறக்காமல் வைத்திருக்கிறார்களே, அதுதான் என்னை உலுக்கியது.

காலையில் யூதர் குடியிருப்புப் பகுதியில் இருக்கும் அகன்ற மதிலைப் பார்த்தோம். எசேக்கியா ராஜா காலத்தது, சுமார் 7 மீட்டர் தடிமன். 1970-களில் தொல்லியல் அறிஞர் நஹ்மான் அவிகாத் தோண்டி எடுத்தார். பக்கத்திலேயே ஒரு பழைய கோபுரத்தின் அடியில் பாபிலோனியர் தாக்குதல் காலத்து அம்பு முனைகளும் கிடைத்தன. வேதத்தில் படித்த முற்றுகை அந்தக் கற்களின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இது சிறிய உபவாசம். விடியற்காலையில் தொடங்கி நட்சத்திரம் தெரியும்வரை அன்னமும் தண்ணீரும் இல்லை. குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. வெள்ளிக்கிழமையில் வந்தால்கூடத் தள்ளிவைப்பதில்லை, ஓய்வுநாள் தொடங்கிய பிறகும் நட்சத்திரம் தெரியும்வரை பட்டினிதான். நானும் அன்று சாப்பிடவில்லை. குளிர்காலத்துப் பகல் என்பதால் சீக்கிரமே கழிந்துவிடும்.

மாலை 4 மணி வாக்கில், பழைய தேவாலய வளாகத்தில் மிஞ்சியிருக்கும் மேற்கு மதிலுக்குப் போனேன். வாசலில் கொடுத்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மோசேயின் ஐந்து ஆகமங்கள் அடங்கிய தோரா சுருளைத் திறந்து, பொன் கன்றுக்குட்டி விஷயத்தில் மோசே ஜனங்களுக்காக மன்றாடிய பகுதியை வாசித்தார்கள். கோபத்தை விட்டுத் திரும்பும் என்ற இடம் வந்ததும் வாசிப்பவர் நிறுத்திவிட்டார். கூட்டம் முழுவதும் அதை உரக்கச் சொன்ன பிறகே அவர் சொன்னார்.

அப்புறம் ஆசாரிய வம்சத்தார் முன்னால் வந்து, சால்வையால் தலையை மூடி, கைகளை உயர்த்தினார்கள். நடத்துபவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல அவர்களும் சொன்னார்கள். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர் என்று நம் சபைகளில் ஆராதனை முடிவில் கேட்கிறோமே, அதே ஆசீர்வாதம். பாஷை தெரியாவிட்டாலும் அடையாளம் கண்டுகொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது.

இந்த நாளுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. ஹிட்லரின் நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் எத்தனையோ பேர் என்றைக்கு இறந்தார்கள் என்றே தெரியாது. நம் ஊரில் இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருப்பது போல, அவர்களுக்காகக் காதிஷ் என்ற, இறந்தவர்களை நினைத்துச் சொல்லும் ஜெபத்தைச் சொல்ல இஸ்ரேலின் தலைமை ரபிமார் மன்றம் இந்த நாளை ஒதுக்கியது. எனக்கு முன்னால் நின்ற முதியவர் அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. சுற்றி நின்றவர்கள் ஆமென் சொல்ல, நானும் சேர்ந்து சொன்னேன்.

இந்த உபவாசங்கள் ஒருநாள் மகிழ்ச்சியான பண்டிகைகளாக மாறும் என்று சகரியா 8-ஆம் அதிகாரத்தில் வாக்குத்தத்தம் இருக்கிறது. பத்தாம் மாத உபவாசமும் அதில் பெயர் சொல்லியே வருகிறது. டிசம்பர், ஜனவரியில் எருசலேம் போகிறவர்கள் யூத நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாள் அமைந்தால், மாலை ஜெபத்துக்காவது மதில் முன் போய் நில்லுங்கள்.